திருகோணமலையில் காணி, வீடு வாங்க, விற்க, வாடகைக்கு விட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில் காணி வாங்கப் போகிறவர்கள், விற்கப் போகிறவர்கள், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தவிப்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை எழுதி, தெரிந்த பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன். பெரும்பாலான துன்பங்கள், பணம் கை மாறிய பிறகு ஆவணங்களைத் தேடுவதால் வருகின்றன. காணிப் பதிவகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் முதலில் போங்கள், பணத்தை அதற்குப் பிறகு எடுங்கள். ஒவ்வொரு காணிக்கும் தனி வரலாறு உண்டு. ஆகவே ஒப்பமிடும் முன் உங்கள் கடதாசிகளை ஒரு சட்டத்தரணியிடம் கட்டாயம் காட்டுங்கள்.

உறுதிக் காணி, பெர்மிட் காணி எண்டு சொல்லுறாங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

உறுதிக் காணி தனியாருக்குச் சொந்தமானது. நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உறுதி மூலம் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். பெர்மிட் காணி அரசாங்கத்தினுடையது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், குடியிருக்கவோ பயிர் செய்யவோ அனுமதிப்பத்திரம் கொடுத்திருப்பார்கள். அதற்கு அடுத்த படி அளிப்புப் பத்திரம். சுவர்ணபூமி, ஜயபூமி என்று சனம் சொல்வது இதைத்தான். அளிப்பு கிடைத்தாலும் நிபந்தனைகள் கூடவே வரும்.

கந்தளாய், சேருவில போன்ற குடியேற்றத் திட்டப் பகுதிகளில் இவை நிறைய. ஒரே ஒழுங்கையில் ஒரு வளவு உறுதிக் காணியாகவும் பக்கத்து வளவு பெர்மிட் காணியாகவும் இருக்கும் இடங்களும் உண்டு. தரகர் சொல்வதை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம், கடதாசியை வாங்கிப் பாருங்கள். நொத்தாரிசின் அத்தாட்சியும் உறுதி இலக்கமும் இருக்கின்றனவா, அல்லது அரச இலச்சினையோடு அனுமதிப்பத்திர இலக்கம் இருக்கிறதா என்பது முதல் பக்கங்களிலேயே தெரிந்துவிடும். எந்தக் கடதாசியும் இல்லாமல், பிடித்து வேலி போட்ட காணி மூன்றாவது வகை. அதை விலை பேசவே வேண்டாம்.

உறுதியைக் கையில காட்டிட்டாங்க. அது போதும்தானே?

போதாது. உறுதி உண்மையானதாகவே இருக்கலாம், ஆனால் அதை எழுதி வாங்கியவர் பிறகு அதே காணியை வேறொருவருக்கு விற்றிருக்கலாம், ஈடு வைத்திருக்கலாம், மகளுக்குச் சீதனமாக எழுதியிருக்கலாம். பழைய உறுதி அப்போதும் அவர் கையிலேயேதான் இருக்கும். கள்ள உறுதி பற்றி நான் சொல்லவே தேவையில்லை.

இன்னொரு விடயம். 1927 ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, பதிவில் முந்தியவருக்கே முன்னுரிமை. ஒருவர் 2018 இல் காணியை விலைக்கு வாங்கி, உறுதியைப் பதியாமல் அலுமாரியில் வைத்துவிட்டார் என்று வையுங்கள். விற்றவர் 2020 இல் அதே காணியை வேறொருவருக்கு விற்கிறார், அவர் உடனே பதிகிறார். மோசடியோ கூட்டுச்சதியோ இல்லாவிட்டால் இரண்டாவது ஆளின் பக்கமே சட்டம் நிற்கும். ஆகவே வாங்குமுன் பதிவைப் பாருங்கள், வாங்கியதும் பதியுங்கள். பதிவை நொத்தாரிசே வழக்கமாகச் செய்து தருவார். ஆனாலும் பதிவு விபரம் குறித்த மூல உறுதி உங்கள் கைக்கு வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

காணிப் பதிவகத்தில என்னத்தைப் பார்க்கிறது?

உறுதியில் பதிவு விபரம் இருக்கும், அதாவது எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று. அதைக் கொடுத்துத் திருகோணமலை காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்தால், அந்தக் காணியின் பதிவேட்டைப் பார்க்கவும் பிரதி எடுக்கவும் முடியும். அந்தக் காணியில் நடந்த கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். குறைந்தது 30 வருடம் பின்னோக்கிப் போவது சட்டத்தரணிகளின் வழக்கம். விற்பவருக்கு அவருக்கு முன்னிருந்தவர், அவருக்கு அதற்கு முன்னிருந்தவர் என்று தாய் உறுதி வரை சங்கிலி அறாமல் வருகிறதா என்று பாருங்கள். இடையில் ஒருவர் இறந்து, உறுதி எதுவும் இல்லாமல் அடுத்தவர் விற்றிருந்தால் அங்கே நின்று கேள்வி கேளுங்கள்.

அப்புறம் வில்லங்கங்கள். தீர்க்காத ஈடு, நீதிமன்றத் தடை, கேவியற் (அந்தக் காணிக்கு யாரும் எதையாவது பதிய வந்தால் தனக்கு அறிவிக்கும்படி ஒருவர் போட்டு வைக்கும் பதிவு), பிரிவிடல் வழக்கு (கூட்டுக் காணியைப் பங்கு பிரிக்கும் வழக்கு) நடப்பதாக ஒரு குறிப்பு. ஈட்டுக் கடனைக் கட்டி முடித்துவிட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது, ஈடு தீர்ந்ததும் பதிவில் ஏறியிருக்க வேண்டும். இந்தத் தேடலுக்குச் செலவாகும் தொகை, காணியின் விலையோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை. தயவுசெய்து இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பாங்கில லோன் எடுத்து வாங்கினா அவங்களே எல்லாம் பார்ப்பாங்களாமே?

பார்ப்பார்கள், ஆனால் தங்கள் கடனைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். 30 வருட உரித்து அறிக்கை, அனுமதிபெற்ற நில அளவையாளரின் படம், உள்ளூராட்சி சபையின் தெருக்கோட்டுச் சான்றிதழ், காணி சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றிதழ், சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு, வீடு இருந்தால் அங்கீகரித்த கட்டட வரைபடம் என்று கேட்பார்கள். கைக்காசில் வாங்குபவர்களும் விற்பவரிடம் இதே கடதாசிகளைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வங்கி தொட மறுக்கும் காணியை நீங்கள் ஏன் தொட வேண்டும்?

உறுதி சுனாமியில போயிட்டுது. இனி ஒண்டும் செய்யேலாதா?

செய்யலாம். ஓர் உறுதி எழுதும்போது மூலப் பிரதி உங்களுக்கு வரும், ஒரு பிரதியை நொத்தாரிசு தன்னிடம் வைத்துக்கொள்வார், இரண்டாவது பிரதியை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகவே 2004 இல் கடல் கொண்டுபோனாலும், 2006 இல் மூதூர் கிழக்கிலிருந்து ஓடும்போது தவறினாலும், காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்க வழி இருக்கிறது.

உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதி, பழைய சோலைவரிப் பற்றுச்சீட்டு, வங்கியில் எப்போதாவது கொடுத்த பிரதி என்று தேடுங்கள். பெர்மிட் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பதிவேட்டில் பார்க்க வேண்டும்.

உறுதியில 20 பேர்ச் இருக்கு. அளந்து பார்த்தா 18 தான் வருது.

பழைய உறுதிகளில் எல்லைகள் "வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே ஒழுங்கை" என்றுதான் இருக்கும். அளவும் ஏறக்குறையத்தான். வேலி நகர்ந்திருக்கலாம், தெரு அகன்றிருக்கலாம். விலை பேசுமுன் அனுமதிபெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்து படம் எடுங்கள். அளக்கும்போது அயல்காணிக்காரர் பக்கத்தில் நிற்பது நல்லது. எல்லைச் சண்டை இருந்தால் அன்றைக்கே வெளியே வந்துவிடும்.

பேர்ச் கணக்கில் விலை பேசினால் புதிய படத்தில் உள்ள அளவுக்கே பணம் கொடுங்கள். உள்காணி என்றால், தெருவிலிருந்து காணிக்கு வரும் பாதை உறுதியிலும் படத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். "இவ்வளவு காலமும் இதாலதான் போறோம்" என்பதை நம்பி வாங்கி, பிறகு அயலவர் கதவு போட்டுப் பூட்டிய கதைகள் உப்புவெளியிலும் உண்டு, மூதூரிலும் உண்டு.

பெர்மிட் காணியைச் சத்தியக் கடதாசி எழுதி வாங்கலாம் எண்டு சொல்லுறாங்களே?

நம் மாவட்டத்தில் ஆகக் கூடுதலாகச் சனம் ஏமாறும் இடம் இது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூல முன்னனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. மாற்றினால் அந்தக் கைமாற்றம் சட்டப்படி செல்லாது. நொத்தாரிசும் அதை எழுதக்கூடாது. அதனால்தான் சமாதான நீதவானிடம் போய், "இவருக்கு என் காணியை விட்டுக்கொடுத்தேன், இவ்வளவு பணம் பெற்றேன்" என்று சத்தியக் கடதாசி எழுதுகிறார்கள். அந்தக் கடதாசி பணம் கொடுத்ததற்கு ஒரு சாட்சியாகலாம். காணியை அது உங்களுக்குத் தராது.

பிறகு நடப்பது இதுதான். பெர்மிட் விற்றவரின் பெயரிலேயே இருக்கும். அவர் இறந்ததும் அவருடைய மனைவியோ பிள்ளையோ பிரதேச செயலகத்தில் உரித்துக் கேட்பார்கள், அவர்களுக்குத்தான் சட்டம் இடம் கொடுக்கும். நிபந்தனையை மீறியதற்காக அரசாங்கம் பெர்மிட்டை இரத்துச் செய்யவும் முடியும். நீங்கள் கட்டிய கல்வீடு அந்தக் காணியில் நிற்கும்.

அளிப்புப் பத்திரம் உள்ள காணிக்கு வழி இருக்கிறது. முதலில் பிரதேச செயலாளரிடம் விண்ணப்பித்து அனுமதியை எழுத்தில் எடுத்து, அந்த அனுமதியைக் குறிப்பிட்டு நொத்தாரிசு உறுதி எழுதலாம். விற்பவர் "அனுமதி பிறகு எடுக்கலாம்" என்றால், பணத்தையும் பிறகு கொடுக்கலாம் என்று சொல்லுங்கள்.

அப்பா பேரில பெர்மிட் இருந்தது. அவர் மோசம் போயிட்டார். இனி ஆருக்கு?

அவர் பின்னுரித்தாளர் (தனக்குப் பிறகு காணி போக வேண்டியவர்) என்று யாரையாவது பெயர் கொடுத்துப் பதிந்திருக்கிறாரா என்று முதலில் பிரதேச செயலகத்தில் பாருங்கள். அம்மா உயிருடன் இருந்தால் அவருக்கு அந்தக் காணியை வைத்திருக்கும் உரிமை உண்டு. பின்னுரித்தாளருக்கு அதற்குப் பிறகுதான் வரும். பின்னுரித்தாளர் தன் முறை வந்து 6 மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்காவிட்டால் உரித்தை இழக்கலாம். ஆகவே துக்கம் ஆறட்டும் என்று வருடக்கணக்கில் விடாதீர்கள்.

பெயர் கொடுக்காமல் இறந்திருந்தால் சட்டத்தின் அட்டவணைப்படி உரித்துப் போகும். முன்பு அதில் ஆண்பிள்ளைக்கு முதலிடம் இருந்தது. 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. பெர்மிட் வைத்திருக்கும் பெற்றோர் இதைப் படித்தால், இந்தக் கிழமையே போய்ப் பின்னுரித்தாளரைப் பதிந்துவிடுங்கள். சகோதரங்கள் வழக்காடுவதை அது தடுக்கும்.

அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லை. நாங்கள் ஐந்து பேர். அண்ணன் மட்டும் ஒப்பம் வைச்சு வித்தா செல்லுமா?

உறுதிக் காணி என்றால், மரணசாசனம் இல்லாதபோது பொதுச் சட்டப்படி இறந்தவரின் சொத்தில் பாதி கணவன் அல்லது மனைவிக்கும், மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் போகும். இருவரும் இல்லாவிட்டால் ஐவருக்கும் ஐந்தில் ஒன்று. அண்ணன் விற்கக்கூடியது தன்னுடைய பிரிபடாத பங்கை மட்டும்தான். வாங்குபவர் முழுக் காணிக்கும் பணம் கொடுத்தால், மற்ற நால்வருக்கும் கூட்டாளியாகத்தான் ஆவார். முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அவர்களுக்கு 1931 ஆம் ஆண்டின் தனியான வழியுரிமைச் சட்டம் உண்டு.

ஐவரும் ஒரே உறுதியில் ஒப்பமிடுவது நல்லது. ஒருவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகள். அவர்களில் 18 வயதாகாத பிள்ளை இருந்தால் அந்தப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும், தாய் வைக்கும் ஒப்பம் போதாது. இணக்கம் வராவிட்டால் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். வழக்குத் தொடுத்த பிறகு பங்கை வாங்குவதோ விற்பதோ வேண்டாம், அது செல்லாமல் போகும்.

அம்மா எனக்குச் சீதனமா எழுதின வீடு. ஆனா "சீவியம் உள்ளவரை" எண்டு ஏதோ போட்டிருக்காம். விக்கலாமா?

நம் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான் போகும். எழுதிக் கொடுக்கும் பெற்றோர் தங்கள் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதுவதும் வழக்கம். கடைசிக் காலத்தில் தெருவுக்கு வராமல் இருக்க அது அவர்களுக்கு நியாயமான பாதுகாப்பு. சொத்து உங்களுடையது, ஆனால் அம்மா இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை அவருடையது. அவர் உறுதியில் சேர்ந்து ஒப்பமிட்டுத் தன் உரித்தை விட்டால்தான் வாங்குபவருக்கு வீடு முழுமையாகப் போகும்.

வாங்குபவர்களுக்கு: விற்பவருக்கு நன்கொடையாக வந்த சொத்து என்றால், அதை அவர் முறையாக ஏற்றுக்கொண்டு ஒப்பமிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பிள்ளை மிகக் கொடிய நன்றிகேடு செய்தால் நன்கொடையை இரத்துச் செய்யப் பெற்றோர் வழக்குப் போடலாம். 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு நீதிமன்றத் தீர்ப்பு மூலம்தான் அது முடியும். ஆகவே அம்மாவோடு ஒருமுறை நேரில் கதைத்துவிட்டே வாங்குங்கள்.

வீடு அக்காவின்ர பேரில. அவ யாழ்ப்பாணத்தில கலியாணம் முடிச்சவ. அத்தான் ஒப்பம் வைக்க வேணுமோ?

வைக்க வேண்டி வரலாம். வட மாகாணத்தை நிலையான வதிவிடமாகக் கொண்ட தமிழருக்குத் தேசவழமைச் சட்டம் உண்டு. அது ஆளோடு போகும் சட்டம், ஆகவே காணி திருகோணமலையில் இருந்தாலும் பின்தொடரும். அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட மனைவி, கணவனின் எழுத்து மூல சம்மதம் இல்லாமல் அசையாச் சொத்தை விற்க முடியாது. கணவனுக்குத் தேசவழமை பொருந்தினால், திருமணம் நீடிக்கும்வரை மனைவிக்கும் பொருந்தும், அவர் திருகோணமலையில் பிறந்தவராக இருந்தாலும்கூட. கணவன் காணாமல்போய், அல்லது பிரிந்துபோய்ச் சம்மதம் எடுக்க முடியாத பெண்கள் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம்.

திருகோணமலையே ஊரும் வதிவிடமுமான தம்பதிக்குப் பொதுச் சட்டம்தான். இருந்தாலும் திருமணத்துக்குப் பிறகு வாங்கிய சொத்தை விற்கும்போது இருவரையும் ஒப்பமிடச் சொல்லுங்கள்.

பத்து வருசம் இருந்தா காணி எங்களுக்குச் சொந்தமாயிடுமாமே?

இருந்தால் மட்டும் ஆகாது. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் கேட்பது, உரிமையாளரை ஒத்துக்கொள்ளாமல், இடையறாது, தன்னுடையதாகவே 10 வருடம் ஆண்டிருக்க வேண்டும் என்று. வாடகைக்கு இருந்தவர், காவலுக்கு வைக்கப்பட்டவர், "பார்த்துக்கொள்" என்று விட்ட உறவினர் ஆகியோர் சம்மதத்தோடு இருந்தவர்கள். அவர்களுக்கு வெறும் காலக்கணக்கு உதவாது. கூட்டுச் சொந்தக்காரர் ஒருவர் மற்றவர்களுக்கு எதிராக இதை நிரூபிப்பது மிகக் கடினம். அரச காணிக்கு எதிராக இந்த 10 வருடக் கணக்கு எடுபடாது.

இன்னுமொன்று, "பிரகடன உறுதி". பத்து வருடமாக ஆள்கிறேன் என்று ஒருவர் தானே நொத்தாரிசிடம் சொல்லி எழுதுவது அது. நொத்தாரிசு அதைச் சரிபார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. சொன்னதை எழுதுகிறார், அவ்வளவுதான். உரித்தை நிலைநாட்டுவது நீதிமன்றம். விற்பவருடைய சங்கிலி ஒரு பிரகடன உறுதியில் தொடங்கினால் விலை எவ்வளவு குறைவானாலும் யோசியுங்கள்.

யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்களின் காணியில் இருந்துவிட்டு உரிமை கேட்பதைத் தடுக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவந்தார்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, திரும்ப முடியாமல் இருந்த காலத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது அதன் சாரம். அந்தச் சட்டத்தின் கீழ் வழக்கிடக் காலவரம்பும் வைத்திருந்தார்கள், ஆகவே உங்கள் நிலைமைக்கு அது உதவுமா என்று சட்டத்தரணியிடம் முதலிலேயே கேளுங்கள்.

அட்வான்ஸ் குடுத்து, ஒரு தாளில முத்திரை ஒட்டி ஒப்பம் வாங்கியிருக்கம். இப்ப விக்க மாட்டன் எண்டுறார்.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணியை விற்பது மட்டுமல்ல, விற்பதாக ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கையும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒன்றாக இருந்து ஒப்பமிட்டதாக இருக்க வேண்டும். தாளில் எழுதியதை வைத்து அவரை விற்க வைக்க முடியாது. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அதற்கு அந்தத் தாள் சாட்சி.

பெரிய தொகையை முற்பணமாகக் கொடுப்பதென்றால் நொத்தாரிசு எழுதிய விற்பனை உடன்படிக்கை செய்து, அதையும் பதியுங்கள். பணத்தை வங்கி மூலம் கொடுங்கள். உறுதியோ உடன்படிக்கையோ உங்களுக்குப் புரியாத மொழியில் இருந்தால், வாசித்து விளக்கும்வரை பேனையைத் தொடாதீர்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

முத்திரைத் தீர்வை எவ்வளவு வரும்? விலையைக் குறைச்சுப் போட்டா?

விற்பனை உறுதிக்கு முதல் 1,00,000 ரூபாவுக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம் என்பது நடைமுறையில் உள்ள கணக்கு. 50 இலட்சம் ரூபாக் காணிக்கு 3,000 உம் 1,96,000 உம் சேர்ந்து 1,99,000 ரூபா. வாங்குபவரே கட்டுவது வழக்கம். நொத்தாரிசுக் கட்டணம் வேறு, முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

விலையைக் குறைத்துப் போட்டால் அரச மதிப்பீட்டின்படி மிகுதியைக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். நாளைக்கு விற்பனை முறிந்து பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டி வந்தால், உறுதியில் உள்ள தொகைதான் உங்கள் சாட்சி. வேண்டாம்.

மாமா கனடாவில. அற்றோணி அனுப்பியிருக்கிறார். அதை வைச்சு வாங்கலாமா?

வாங்கலாம், கவனமாக. அற்றோணித் தத்துவம், அதாவது தனக்குப் பதிலாகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம், அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அல்லது முறைப்படி அத்தாட்சிப்படுத்தியதாக இருக்க வேண்டும், இங்கே பதிந்திருக்க வேண்டும். இந்தக் காணியைக் குறிப்பிட்டு, விற்கவும் உறுதியில் ஒப்பமிடவும் பணம் பெறவும் அதிகாரம் கொடுத்திருக்கிறதா என்று வரி வரியாக வாசியுங்கள். "பராமரிக்க" என்று கொடுத்த அற்றோணியால் விற்க முடியாது. இரத்துச் செய்யப்படவில்லை என்று பதிவில் பாருங்கள்.

அற்றோணி கொடுத்தவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். உறுதி எழுதும் நாளில் மாமாவை வீடியோ அழைப்பில் எடுத்து, முகம் பார்த்து, விலையையும் பணம் போகும் வங்கிக் கணக்கையும் அவர் வாயால் கேளுங்கள். நல்ல பிள்ளைகள் இதற்குக் கோபிக்க மாட்டார்கள். கோபிப்பவரிடம் வாங்காமல் விடுவது நல்லது.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வெறுங்காணிக்கு யாரும் கள்ள உறுதி பதியாமல் இருக்க, காணிப் பதிவகத்தில் கேவியற் பதிந்து வைக்கலாம்.

நான் இப்ப பிரித்தானியப் பிரஜை. நிலாவெளியில காணி வாங்க ஏலுமா?

2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம், இலங்கைக் குடியுரிமை இல்லாதவருக்குக் காணியை உரித்தாக்குவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை. பெற்றோர் இறந்து வாரிசாக வரும் காணியையும் அது தடுக்காது. குத்தகைக்கு எடுப்பது வேறு, 99 வருடம் வரை எடுக்கலாம்.

தம்பியின் பெயரில் வாங்கிவிட்டால் என்ன என்று அடுத்த கேள்வி கட்டாயம் வரும். சட்டத்தின் கண்ணில் காணி தம்பியுடையது. தம்பிக்கு ஏதாவது நடந்தால் அவருடைய மனைவி பிள்ளைகளுடையது. முன்பு சொன்ன பாதி, மீதிக் கணக்கு அப்படியே ஓடும். இரட்டைக் குடியுரிமையை எடுத்துவிட்டு வாங்குங்கள்.

கடலுக்குப் பக்கத்தில காணி. உறுதி சுத்தம். வீடு கட்டலாம்தானே?

உறுதி சுத்தம் என்பதும் கட்டலாம் என்பதும் வேறு வேறு. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்கு, உள்ளூராட்சி சபையின் அனுமதியோடு கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. கரைக்கு மிக அண்மையில் கட்டவே விடமாட்டார்கள். அலஸ்தோட்டம், உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று நம் கரை முழுக்க இது பொருந்தும். ஹோட்டல் கட்டக் காணி தேடுபவர்கள் காணியை வாங்கிய பிறகுதான் இதைக் கேட்கிறார்கள்.

இந்த மாவட்டத்தில் இன்னும் பார்க்க வேண்டியவை உண்டு. துறைமுகத்தைச் சூழ்ந்த பகுதிகளில் துறைமுக அதிகாரசபையின் உரிமை, காட்டோரக் காணிகளில் வனத் திணைக்களத்தின் எல்லை, சில இடங்களில் தொல்லியல் திணைக்களத்தின் எல்லை. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் படத்தைக் காட்டி எழுத்தில் பதில் வாங்குங்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதம் நீங்கள் அங்கே வசிப்பதற்குச் சான்று. காணி உங்களுடையது என்பதற்கு அது சான்றாகாது.

வட்டிக்குக் காசு எடுக்கப் போனா, காணியை எழுதித் தா, காசு தந்ததும் திருப்பி எழுதித் தாறன் எண்டுறார்.

இதைத்தான் நிபந்தனை உறுதி என்கிறார்கள். அது கடன் பத்திரமல்ல, விற்பனை. குறித்த காலத்துக்குள் முழுப்பணமும் கட்டாவிட்டால், ஒரு கோடி பெறுமதியான வீடு சில இலட்சத்துக்குப் போய்விடும். வட்டி எவ்வளவு என்று அந்த உறுதியில் எழுதியிருக்காது, ஆகவே நீங்கள் மாதம் மாதம் கட்டியதற்கும் சாட்சி இருக்காது. உண்மையில் இது கடனுக்கான பிணைதான் என்று நிரூபித்து, நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் கீழ் சிலர் நீதிமன்றத்தில் காணியை மீட்டிருக்கிறார்கள். ஆனால் அதற்கு வருடங்கள் போகும், வெற்றி நிச்சயமும் இல்லை.

காணியைப் பிணை வைக்கத்தான் வேண்டுமென்றால் ஈட்டு முறி எழுதுங்கள். சொத்து உங்கள் பெயரிலேயே இருக்கும். கடன் கொடுத்தவர் விற்க வேண்டுமானால் நீதிமன்றம் போக வேண்டும். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் அவருக்கு வேண்டியது உங்கள் காணிதான். நிபந்தனை உறுதியில் ஏற்கனவே ஒப்பமிட்டவர்கள் கட்டும் ஒவ்வொரு சதத்தையும் வங்கி மூலம் கட்டுங்கள், காலம் முடியும் முன்பே சட்டத்தரணியைப் பாருங்கள்.

விக்கிறவருக்கு வரி இருக்கா?

இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. தனியாளுக்கு 10 வீதமாக இருந்தது 2025 ஏப்ரலிலிருந்து 15 வீதம். 2017 செப்ரெம்பர் 30 இல் உங்களிடம் இருந்த சொத்தானால், அன்றைய சந்தைப் பெறுமதியைக் கொள்விலையாக எடுக்கலாம், ஆகவே மதிப்பீட்டாளரின் அறிக்கை ஒன்று எடுப்பது இலாபம். நீங்களே குடியிருந்த வீட்டுக்கு விலக்கும் உண்டு: விற்குமுன் 3 வருடம் தொடர்ந்து சொந்தமாக இருந்து, அதில் 2 வருடமாவது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். விற்று ஒரு மாதத்துக்குள் இறைவரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

வீட்டை ரெண்டு வருசத்துக்கு வாடகைக்குக் குடுக்கிறன். தாளில எழுதினா காணாதா?

காணாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, மேலே அட்வான்ஸ் கேள்வியில் சொன்ன அதே 1840 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வரும். தாளில் எழுதிய இரண்டு வருடம் சட்டத்தில் மாதவாடகை ஆகிவிடும். வாடகை, முற்பணம், அது எப்படிக் கழியும், மின்சார, தண்ணீர்க் கட்டணம் யார் கட்டுவது, எத்தனை நாள் முன்னறிவித்தல், உள்வாடகை விடலாமா என்பதையெல்லாம் நொத்தாரிசு உடன்படிக்கையில் எழுதுங்கள். வீட்டைக் கொடுக்கும் நாளில் சுவர், கதவு, மீற்றர் எல்லாவற்றையும் படம் எடுத்து இருவரும் வைத்திருங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு: ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டு கேளுங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று விட வேண்டாம்.

காலம் முடிஞ்சுது, வாடகையும் இல்லை, ஆள் எழும்புறார் இல்லை. கரண்டை வெட்டி விடட்டா?

வேண்டாம். பூட்டை உடைப்பதும் மின்சாரத்தை வெட்டுவதும் நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போதே உங்களைக் குற்றவாளியாக்கும். சட்டத்தரணி மூலம் வெளியேறும்படி எழுத்தில் அறிவித்தல் கொடுங்கள். முறையாக எழுதிய குத்தகை உடன்படிக்கை கையில் இருந்தால், 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வழமையான வழக்கைவிட விரைவாக வீட்டை மீட்கலாம். உடன்படிக்கைக்குச் செலவழிக்கச் சொன்னது இதற்காகவும்தான். நகருக்குள் பழைய வீடுகளில் நெடுங்காலம் இருப்பவர்களுக்கு 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப் பாதுகாப்பு இருக்கக்கூடும், அதைப் பார்க்காமல் அறிவித்தல் அனுப்பாதீர்கள்.

வெளியூர் போய் வந்து பார்த்தா என்ர காணிக்குள்ள ஆரோ வேலி போட்டு இருக்கினம். என்ன செய்ய?

அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியை எடுங்கள். சமாதானக் குலைவு ஏற்படக்கூடிய காணிப் பிணக்கை, 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் பொலிஸாரோ நீங்களோ ஆரம்ப நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே சொந்தம் யாருக்கு என்று தீர்ப்பதில்லை, யார் கையில் இருந்தது என்றுதான் பார்ப்பார்கள். வழக்குப் பதிவதற்கு முந்திய 2 மாதத்துக்குள் நீங்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டதாகக் காட்டினால், திரும்ப உங்களிடம் ஒப்படைக்க உத்தரவிட முடியும். அந்த 2 மாதம் போனால் மாவட்ட நீதிமன்றத்தில் நீண்ட வழக்குத்தான். ஊர்ப் பெரியவர்களைக் கொண்டு பேசித் தீர்ப்பது நல்லதுதான், ஆனால் முறைப்பாட்டைப் பதிந்துவிட்டுப் பேசப் போங்கள்.

தொலைவில் இருப்பவர்கள் காணியைச் சுற்றி வேலியடைத்து, சோலைவரியைத் தங்கள் பெயரில் வருடாவருடம் கட்டி, பார்த்துக்கொள்பவரிடம் "உங்கள் சம்மதத்தோடு பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். பத்து வருடக் கணக்கு பற்றி மேலே சொன்னதற்கு அந்த ஒரு தாள் நல்ல மறுமொழி.